விதியும் நெறியும்: கணிப்பொறிக் காலத்தில் அறச் சிந்தனை

(வெள்ளிவிழாக் கல்விக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், 'கணிப்பொறியும் அறமும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். நான் வரலாறு பயின்றவன். கணிப்பொறியை இயக்குவதில் என் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவனே எனக்கு ஆசான். ஆயினும் இப்பணியை மகிழ்வுடன் ஏற்றேன். ஏனெனில், ஒரு கருவி எவ்வாறு இயங்குகிறது என்பது பொறியாளர் விடை கூற வேண்டிய வினா. அது இயங்குவதால் யாருக்கு என்ன நேர்கிறது, நேர்வது நியாயந்தானா என்பது நாம் அனைவரும் விடை கூற வேண்டிய வினா. இரண்டாம் வினாவைப் பொறியாளரிடமே விட்டுவிடும் பழக்கம் நம்மிடையே வளர்ந்து வருகிறது. அது நல்லதன்று.

அறவியல் என்றவுடன் கிரேக்கத்திற்கோ ஜெர்மனிக்கோ செல்ல வேண்டியதில்லை. முதலில் நம் தெருமுனையிலுள்ள நியாய விலைக் கடைக்குச் செல்வோம். 2017 ஆம் ஆண்டில் நமக்கு மின்னணுக் குடும்ப அட்டை வந்தது. 2020 அக்டோபரில், 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' திட்டத்தையொட்டி, விரல் ரேகையை வைத்துப் பொருள் வாங்கும் முறையும் வந்தது. விரலை ஒரு சிறு கண்ணாடிப் பரப்பில் அழுத்துகிறோம். அங்குப் பதியும் ரேகையின் மேடுகளையும் பிரிவுகளையும், ஆதார் பதிவின்போது சேமித்து வைத்த ரேகையோடு தொலைவிலுள்ள கணிப்பொறி ஒப்பிடுகிறது. ஒத்திருந்தால் 'ஆம்', இல்லையேல் 'இல்லை'. 'ஏறக்குறைய' என்னும் சொல் விற்பனையாளர் கையிலுள்ள திரையில் தோன்றுவதில்லை.

இனி நம் மக்களின் விரல்களைப் பாருங்கள். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் 'அண்டி ஆபீஸ்' என்று வழங்கும் முந்திரி ஆலைகளில் கொட்டை உடைக்கும் தாய்மார்கள் இந்த அவையிலும் இருக்கிறார்கள். முந்திரித் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரிக்கும் தன்மையுடையது. சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டு வேலை செய்தாலும், ஆண்டுக்கணக்கில் அதில் தோய்ந்த விரல் நுனி வெந்து, உரிந்து, வழவழப்பாகி விடுகிறது. செங்கற்சூளையில் கல் சுமப்பவர், கதம்பல் அடித்துக் கயிறு திரிப்பவர், வயலில் நாற்று நட்டுக் களையெடுப்பவர், கட்டடத்தில் சிமெண்டுக் கலவை குழைப்பவர் ஆகியோரின் நிலையும் இதற்கு அயலானதன்று. எழுதுகோல் பிடித்தே ஐம்பதைக் கடந்த என் விரலில் ரேகை தெளிவாக உள்ளது. உழைத்தே ஐம்பதைக் கடந்தவரின் விரலில் அது தேய்ந்து போயிருக்கிறது. கருவி இருவரையும் ஒரே கண்ணாடியில்தான் விரல் வைக்கச் சொல்கிறது. சாதி கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. அப்படியிருந்தும், 'ரேகை விழல, நாளைக்கு வாங்க' என்னும் சொல்லை மீண்டும் மீண்டும் கேட்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நான் கணிப்பொறிக்குப் பகைவன் அல்லன். பொருள் வாங்கியவுடன் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. நாம் வாங்காத சர்க்கரையை நம் பெயரில் பற்று எழுதினால் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. முற்காலத்தில் அட்டையில் கிறுக்கித் தந்ததை எழுத்தறியாத நம் பாட்டிமார் எவ்வாறு சரிபார்த்திருக்க முடியும்? போலி அட்டைகளும் இல்லாமல் இல்லை. ஆகவே இது நன்மையும் தீமையும் விரவிய செய்தி. இத்தகைய இடத்தில்தான் அறக்கோட்பாடு பயன்படுகிறது. முழுத் தீமையை அடையாளம் காணக் கோட்பாடு எதற்கு?

இங்கிலாந்தில் ஜெரமி பெந்தம், ஜான் ஸ்டூவர்ட் மில் ஆகியோர் வளர்த்த கொள்கையைப் பயன்வழிக் கொள்கை என்பர். ஒரு செயலால் விளையும் மொத்த நன்மையைக் கூட்டு, மொத்தத் தீமையைக் கழி, மிகப் பலருக்கு மிகுந்த நன்மை தருவதைச் செய் என்பது அதன் சாரம். இக்கொள்கையை எளிதாக இகழ்ந்துவிடக் கூடாது. கணக்கிடும்போது ஒவ்வொருவரையும் ஒருவராகவே எண்ண வேண்டும், ஒருவரும் ஒருவருக்கு மேல் இல்லை என்று பெந்தம் வலியுறுத்தியதாக மில் எழுதியுள்ளார். பெந்தம் மறைந்தது 1832 இல். நாம் வாழும் இந்த மண், அன்றைய திருவிதாங்கூர், 1855 ஆம் ஆண்டு வரை அடிமை முறையைச் சட்டத்திற்கு உட்பட்டதாகவே வைத்திருந்தது. நம் முன்னோர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட காலத்தில் 'எல்லோரும் ஒவ்வொருவரே' என்று ஒருவர் சொன்னது சிறு செய்தியன்று.

காண்ட் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் வேறு வழி சென்றார். மனிதனை வேறொரு நோக்கத்திற்கான கருவியாக மட்டும் நடத்தக் கூடாது, ஒவ்வொரு மனிதனும் தன்னளவிலேயே ஒரு குறிக்கோள் என்பது அவர் கொள்கை. பலருக்கு நன்மை வருகிறது என்பதற்காக ஒருவனைப் பலியிடலாமா? பெந்தத்தின் கணக்கு சில வேளைகளில் 'ஆம்' என்று சொல்லக்கூடும். காண்ட் ஒருபோதும் சொல்லார்.

இவை வெறும் புத்தகச் செய்திகள் என்று எண்ண வேண்டாம். இவ்விரு கொள்கைகளும் நம் உச்ச நீதிமன்றத்தில் நேருக்கு நேர் நின்றன. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி 2012 இல் தொடுத்த வழக்கும், அதனோடு சேர்ந்த பல வழக்குகளும் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வால் விசாரிக்கப்பட்டு, 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பு வழங்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் ஆதார் ஆணையத்தின் தலைமைச் செயல் அலுவலரே நீதிமன்றத்தில் ஒரு விவரத்தைக் காட்டினார். அரசுச் சேவைகளில் அடையாளச் சரிபார்ப்பு நூற்றுக்கு 88 முறையே வெற்றி பெறுகிறது என்பது அது. ஒரு முறை தவறி மறுமுறை விழும் விரல்களும் இக்கணக்கில் உண்டு என்பதையும் நாம் நேர்மையாகக் கொள்ள வேண்டும்.

நான்கு நீதிபதிகள் திட்டத்தின் மையப் பகுதியை ஏற்றனர். தோல்வி நூற்றுக்கு 0.232 என்னும் கணக்கை எடுத்துக்கொண்டு, அதற்காக எஞ்சிய 99.76 விழுக்காட்டினரின் நன்மையைக் கைவிட இயலாது, ஓட்டைகளை அடைப்பதே வழி, திட்டத்தையே வெட்டி வீழ்த்துவது வழியன்று என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. ரேகை ஒவ்வாத காரணத்தால் தகுதியுடைய எவருக்கும் பயன் மறுக்கப்படாது என்று அரசின் தலைமை வழக்கறிஞர் அளித்த உறுதியையும் பதிவு செய்தது. இது பயன்வழிக் கொள்கையின் குரல். பொறுப்பற்ற குரல் அன்று. ஆனால் கணக்கு ஆசிரியர் எவரேனும் இங்கிருந்தால் உடன் சொல்லிவிடுவார்: 120 கோடி மக்களில் 0.232 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 28 இலட்சம் பேர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 18 இலட்சத்து 70 ஆயிரம். பின்னம் போல் தோன்றுவது ஒரு மாவட்டத்தையும் விழுங்கி, மேலும் கேட்கிறது!

ஐந்தாம் நீதிபதி டி. ஒய். சந்திரசூட் மாறுபட்டார். உணவு போன்ற அடிப்படை உரிமையில் எந்தத் தோல்வி விகிதத்தையும் ஏற்றுக்கொள்ளத்தக்கது என்று சொல்ல முடியாது, உணவு மறுக்கப்படுவது ஒரு குடும்பத்தை வறுமைக்கும் சாவுக்குமே தள்ளிவிடும் என்பது அவர் கருத்து. காண்ட்டின் பெயரைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், மனிதனைப் பின்னமாக எண்ண மறுக்கும் குரல் இது.

இதற்கு ஓராண்டுக்கு முன், 2017 செப்டம்பர் 28 அன்று, ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கப்படவில்லை என்று அக்குடும்பத்தின் அட்டை நீக்கப்பட்டிருந்தது. சோறு கேட்டுக்கொண்டே மகள் இறந்தாள் என்றார் தாய். மலேரியாவால் இறந்தாள் என்றது அரசுத் தரப்பு. எது காரணமாயினும், அட்டை நீக்கப்பட்டிருந்தது என்பதில் ஐயமில்லை. அடுத்த மாதம் 24 ஆம் நாள் மத்திய உணவுத் துறை, ஆதார் இல்லாத காரணத்தால் எவருடைய அட்டையையும் நீக்கலாகாது என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்தச் சுற்றறிக்கை ஜூலையில் வந்திருக்கலாகாதா?

இங்கே மூன்றாவதாக ஓர் அறிஞரை அழைக்கிறேன். ஜான் ரால்ஸ் என்னும் அமெரிக்கர் 1971 இல் நீதி பற்றி ஒரு பெருநூல் எழுதினார். ஒரு சமூகத்தின் விதிகளை வகுப்போர், அச்சமூகத்தில் தாம் யாராகப் பிறக்கப் போகிறோம் என்பதை அறியாதவாறு ஒரு திரைக்குப் பின் நின்று வகுப்பதாகக் கற்பனை செய்யுங்கள் என்றார். இதை நம் கருவிக்குப் பொருத்திப் பாருங்கள். பெங்களூரில் குளிர்சாதன அறையில் அமர்ந்து மென்பொருள் எழுதும் இளைஞரிடம் சொல்லுங்கள்: 'தம்பி, இதை நீ எழுதி முடித்ததும் உனக்கு ஒரு விரல் கொடுக்கப்படும். அது உன் விரலாகவும் இருக்கலாம். குழித்துறை முந்திரி ஆலையில் முப்பது ஆண்டு கொட்டை உடைத்த அம்மாவின் விரலாகவும் இருக்கலாம்.' அவர் எழுதும் மென்பொருள் அன்றே மாறிவிடும். ரேகை மும்முறை தவறினால் என்ன செய்வது என்பதை அவர் முதற்பக்கத்திலேயே எழுதுவார்.

ஆனால் இந்த மேலைநாட்டு அறிஞர் மூவரைக் காட்டிலும் இப்பொருளுக்கு அருகில் நிற்பவர் நம் அண்ணல் அம்பேத்கரே என்பது என் துணிபு. 1936 இல் லாகூரில் ஆற்றுவதற்காக அவர் எழுதி, அழைத்தவர்கள் அஞ்சிப் பின்வாங்கியதால் ஆற்றப்படாமலே அச்சான 'சாதி ஒழிப்பு' உரையை நம் இளைஞர்கள் படித்திருப்பீர்கள். சாதியைப் பற்றிய பகுதிகளை மட்டும் படித்துவிட்டு, இறுதியை நெருங்கும்போது விதிக்கும் நெறிக்கும் அவர் காட்டும் வேறுபாட்டைப் பலர் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். விதி என்பது சமையற் குறிப்புப் போன்றது. இதைச் செய், இவ்வாறு செய் என்று மட்டும் கூறும். நெறி என்பது செயலை எடைபோட உதவும் அளவுகோல். நெறிப்படி நடப்பவன் தவறக்கூடும். ஆனால் சிந்தித்துச் செய்தமையால் தன் செயலுக்குப் பொறுப்பாளி ஆகிறான். விதிப்படி மட்டும் நடப்பவன் சரியாகவே செய்தாலும், அது பொறுப்புடன் செய்த செயல் ஆகாது. விதிகளின் மூட்டையாகச் சுருங்கிய சமயம் மனிதனின் பொறுப்புணர்வைக் கொன்றுவிடுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு.

அவர் சமயத்தைப் பற்றிச் சொன்னார். கணிப்பொறியைப் பற்றி அவர் அறிந்திருக்க வழியில்லை. ஆனால் கணிப்பொறி நிரல் என்பது என்ன? 'இது இருந்தால் அது செய், இல்லையேல் இது செய்' என்னும் விதிகளின் தொகுப்பேயன்றி வேறென்ன? அதனிடம் நெறி இல்லை, இருக்கவும் முடியாது. நெறி அதைச் சுற்றியுள்ள மனிதரிடம் இருக்க வேண்டும். இப்போது என்ன நேர்கிறது? விற்பனையாளரைக் கேட்டால், 'மெஷின் எடுக்கவில்லை' என்கிறார். மேல் அலுவலரைக் கேட்டால், 'சர்வர் சென்னையில்' என்கிறார். சென்னையைக் கேட்டால், ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் என்கின்றனர். நிறுவனத்தைக் கேட்டால், அரசு கொடுத்த விதிப்படியே எழுதினோம் என்கின்றனர். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் பொறுப்பும் இல்லை. அந்த அம்மா மட்டும் வெறும் பையோடு வீடு திரும்புகிறார். 'நான் என்ன செய்ய, வழக்கம் அப்படி' என்று சொல்லி நம் பாட்டனாரைத் தெருவில் நிறுத்தியவர்களும் இதே இலக்கணத்தில்தான் பேசினார்கள். அன்று வழக்கம், இன்று சர்வர்.

விதியில் விலக்கு எழுதியிருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் நம் பழைய திருவிதாங்கூரிலேயே சான்று உண்டு. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசு ஆணை இருந்த காலத்தில்தான், அய்யன்காளி ஒரு சிறுமியின் கைப்பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்குச் சென்றார். அப்பள்ளியே கொளுத்தப்பட்டது. ஆணை அரண்மனையில் இருந்தது. வாசலில் வேறொருவன் நின்றான். இன்றும் முதியோர் தமக்காக வேறொருவரை நியமித்துப் பொருள் பெறுவதற்குப் படிவம் உண்டு. கைப்பேசிக் கடவுச்சொல், கருவிழிப் பதிவு போன்ற மாற்று வழிகளும் வந்துள்ளன. எழுபது வயதைக் கடந்தவர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிற்கே பொருள் கொண்டுசெல்லும் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. இவை வரவேற்கத் தக்கவை. ஆயினும் அந்தப் படிவத்தைப் பற்றி அறிந்த முதியவர் இங்கே எத்தனை பேர்? கையை உயர்த்துங்கள். (அவையில் நான்கு கைகள் உயர்ந்தன.)

கணிப்பொறி தவறாது என்னும் நம்பிக்கை ஏழை நாட்டுக்கே உரியது என்றும் எண்ண வேண்டாம். பிரிட்டனில் அஞ்சலகக் கணக்கிற்காக 'ஹொரைசன்' என்னும் மென்பொருள் நிறுவப்பட்டது. 1999 முதல் 2015 வரையிலான காலத்தில், அது காட்டிய பொய்க் குறைவை உண்மையெனக் கொண்டு, 900 க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகத்தார் திருட்டு, மோசடிக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். சிலர் உயிரையே மாய்த்துக் கொண்டனர். 2024 இல் தனிச் சட்டம் இயற்றித்தான் அத்தீர்ப்புகளை ஒருங்கே நீக்க வேண்டியிருந்தது. மனிதன் ஒரு பக்கம், கணிப்பொறித் தாள் மறுபக்கம் என்று வந்தபோது, வழக்கு மன்றமே தாளை நம்பியது.

புதிதாக வந்துள்ள செயற்கை நுண்ணறிவு பற்றி இளைஞர்கள் கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். இது எழுதி வைத்த விதியால் இயங்குவதில்லை. உலகில் மனிதர் எழுதிக் குவித்ததைப் படித்துப் பழகுவது. நம்மைப் பற்றி உலகில் எழுதிக் குவித்திருப்பது என்னவென்று நமக்குத் தெரியும். 2025 அக்டோபரில் 'எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவியூ' என்னும் அமெரிக்க இதழ் ஒரு சோதனையை வெளியிட்டது. கோடிட்ட இடத்தில் 'பிராமணர்' என்றோ 'தலித்' என்றோ நிரப்புமாறு 105 வாக்கியங்களை 'ஜிபிடி-5' என்னும் பொறியிடம் கொடுத்தனர். அறிவுக்கு ஒருவர், சாக்கடைக்கு மற்றொருவர் என்று பழைய பாடத்தையே அது நூற்றுக்கு 76 இடங்களில் ஒப்புவித்தது. அதே கட்டுரை வேறொரு செய்தியும் கூறுகிறது. நம்மைப் போன்ற சமூகத்தில் பிறந்த ஆய்வாளர் ஒருவர், உயராய்வு விண்ணப்பத்தின் ஆங்கிலத்தைச் செப்பனிட இத்தகைய பொறியிடம் கொடுத்தார். அது மொழியோடு அவர் குடும்பப் பெயரையும் 'செப்பனிட்டு', உயர்சாதிப் பெயராக்கித் தந்தது! கெட்ட எண்ணம் அதற்கில்லை. எண்ணமே அதற்கில்லை. அத்தகையோர் பெயர் அப்படித்தான் இருக்கும் என்று படித்திருக்கிறது, அவ்வளவே.

பெயர் என்றவுடன் பள்ளிச் செய்தி ஒன்று. ஆசிரியர்கள் பாடம் நடத்தும் நேரத்தைக் காட்டிலும் விவரம் பதிவேற்றும் நேரம் மிகுந்துவிட்ட காலம் இது. கல்வி உதவித்தொகை ஆதார் இணைந்த வங்கிக் கணக்கிற்கே நேராக வருகிறது. இடைத்தரகர் ஒழிந்தனர், நல்லதே. ஆனால் சான்றிதழில் முதலெழுத்து முன்னால், ஆதாரில் தந்தை பெயர் விரிவாகப் பின்னால், வங்கியில் ஆங்கில எழுத்து ஒன்று கூடுதல். மூன்றும் ஒரே பிள்ளைதான் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும், கணிப்பொறிக்குத் தெரியாது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் கட்டணம் கட்டும் நாளில் பணம் வராவிட்டால், அது ஓர் எழுத்துப் பிழை அன்று. படிப்பே நின்றுபோகும் செய்தி. பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் அனுப்புவதற்கு முன்பே பெற்றோர் மூன்று ஆவணங்களையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் சொல்கிறேன், இங்கேயும் சொல்லி வைக்கிறேன்.

இறுதியாக, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள். 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் மாவட்டந்தோறும் ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது. 1967 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணிலும் முறையிடலாம். ஆனால் 'போன மாதம் என்றைக்கோ ரேகை விழவில்லை' என்று முறையிட்டால் எவரும் செவிசாய்ப்பதில்லை. கணிப்பொறி நாளும் நேரமும் குறித்து வைத்திருக்கிறது. நாமும் குறித்து வைப்போம். நம் படிப்பகத்தில் ஒரு பெரிய குறிப்பேடு இருக்கட்டும். எந்தக் கடை, எந்த நாள், எத்தனை முறை விரல் வைத்தார், மாற்று வழி கேட்டாரா, யார் என்ன விடை கூறினார் என்பதை, கணிப்பொறி பயிலும் நம் மாணவர் இருவர் ஞாயிறுதோறும் அமர்ந்து கேட்டு எழுதட்டும். எழுதுபவர் நாளை மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேரும்போது, எவருடைய விரலுக்காக எழுதுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆறு மாதம் சென்றபின் அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் ஆட்சியரைக் காண நானும் உடன் வருகிறேன். குறிப்பேட்டை இன்றே வாங்கி வந்திருக்கிறேன். முதல் பக்கத்தில் கோடும் போட்டுவிட்டேன். செயலாளர் அவர்கள் பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.